சாலம்மாள் பேசாத பதினோரு வருஷம்

பாவாடை என்று ஓர் ஆம்பளைக்குப் பெயர் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். கள்ளக்குறிச்சிப் பக்கம் யாரும் சிரிக்கமாட்டார்கள். அங்காளம்மன் கோயில் வாசலில் காவல் நிற்கும் பாவாடைராயனுக்கு வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளைக்கு வேறு என்ன பெயர் வைப்பது? சிக்கல் எல்லாம் அவரைக் கட்டிக்கொண்டு வந்த பெண்ணுக்குத்தான். புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்றால், தான் கட்டுகிற துணியின் பெயரையும் சொல்ல முடியாது.

கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, மலை அடிவாரத்து ஊருக்கு சாலம்மாள் வாழ வந்த முதல் வாரத்திலேயே அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். கீழே கட்டுகிற துணி, ஆகவே கீத்துணி. சந்தையில் துணிக்கடைக்காரனிடம் போய், "கறுப்புல ஒரு கீத்துணி குடுங்க" என்பாள். அவன் புரியாமல் லுங்கியை எடுத்துப் போடுவான். கூட வந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவள் விரலை நீட்டிக் காட்டுவாளே தவிர வாயைத் திறந்து அந்தப் பெயரைச் சொல்லமாட்டாள். இதைக் கேட்கும்போதெல்லாம் பாவாடைக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. கரும்பு வெட்டியும் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கியும் பிழைக்கிற தன்னைப் பெரிய மனுஷனாக வைத்திருக்கிற ஒரே இடம் அந்த ஒரு வார்த்தைதான் என்று நினைத்துக்கொள்வார்.

அதை அவரே கெடுத்துக்கொண்டார்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. வெட்டக் கரும்பு இல்லை. ஆந்திரா காட்டில் செம்மரம் வெட்டப் போகலாம் என்று ஒரு புரோக்கர் வந்து நின்றான். அது சட்டப்படி தப்பு என்று தெரியாத அளவுக்கு பாவாடை ஒன்றும் பச்சைக்குழந்தை இல்லை. சாலம்மாளிடம் சொன்னால் வாசலில் குறுக்கே படுத்துக்கொள்வாள் என்பதும் தெரியும். அதனால் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை என்று சொல்லிவிட்டு, பக்கத்துத் தெரு வெற்றிவேலோடு பஸ் ஏறினார். காட்டுக்குள் போன மூன்றாம் நாளே பிடித்துவிட்டார்கள். பாஷை தெரியாத ஊரில் ஜெயில். வெற்றிவேலுக்கு நாலாம் மாதமே ஜாமீன் கிடைத்துவிட்டது. பாவாடைக்குக் கிடைக்கப் பத்து மாதம் ஆயிற்று.

அந்த இடைவெளியில் சாலம்மாள் சும்மா இருக்கவில்லை. ஒன்றரை மாதம் சேதி இல்லை என்றதும், பன்னிரண்டு வயது மகள் ஜெயசுதாவைக் கையில் பிடித்துக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டாள். கையில் இருந்தது கல்யாண போட்டோ ஒன்றுதான். அதில் பாவாடைக்கு மீசையே சரியாக முளைத்திருக்கவில்லை. அதை வைத்துக்கொண்டு கம்பெனி கம்பெனியாக வாட்ச்மேன்களிடம் காட்டி ஏழு நாள் அலைந்தாள். ராத்திரி பஸ் ஸ்டாண்டில் படுக்கை. அங்கேயும் பெயர் கேட்டவர்களிடம் அவள் வாய் திறக்கவில்லை. மகள்தான் சொன்னாள். எட்டாம் நாள் மகளுக்குக் காய்ச்சல் கொதிக்கவே திரும்பிவிட்டார்கள்.

இதெல்லாம் பாவாடைக்குத் தெரியாது. பத்து மாதம் கழித்து, இளைத்துக் கறுத்து, வீட்டு வாசலில் வந்து நின்றார். சாலம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எங்கய்யா இருந்த?"

பஸ்ஸில் வரும்போது உண்மையைத்தான் சொல்வது என்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவர் அவர். ஆனால் உள்ளே புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த மகள் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். ஜெயிலுக்குப் போன அப்பன் என்று அந்தப் பிள்ளை காதில் விழவேண்டுமா?

"திருப்பூர்லதான்" என்றார்.

"திருப்பூர்லயா?"

"ஆமா. பனியன் கம்பெனியில."

சாலம்மாள் சொம்பை வாங்கி, கழுவி, கவிழ்த்து வைத்தாள். அவ்வளவுதான். "திருப்பூர்லயா?" என்பதுதான் அவள் அவரிடம் பேசிய கடைசி வார்த்தை.

அன்றைக்குச் சாயங்காலமே பாவாடை ஓடிப்போய் வெற்றிவேலிடம் கையடித்துச் சத்தியம் வாங்கினார். "என் வூட்டுக்காரிகிட்ட ஜெயிலு பேச்ச எடுக்கவே கூடாது." வெற்றிவேல் தலையைச் சொறிந்தான். அப்புறம் சரி என்றான்.

பேச்சில்லையே தவிர வீட்டில் வேறு எதிலும் குறையில்லை. சோறு வேளைக்கு வந்தது. வேட்டி வெளுத்து வந்தது. காய்ச்சல் என்றால் கஷாயம் வந்தது. சொல்லவேண்டியதை எல்லாம் அவள் வாசலில் கட்டியிருந்த ஆட்டிடம் சொல்வாள். "சோறு ஆறிக்கினு இருக்குது, இன்னும் இன்னா வேடிக்க?" என்று ஆட்டைப் பார்த்து அதட்டினால் இவர் போய் உட்கார்ந்து சாப்பிடவேண்டும். பதினோரு வருஷத்தில் ஆடு நாலு முறை மாறியது. பாவாடை வீட்டு ஆட்டுக்கு ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கவேண்டும் என்று தெருவே கிண்டல் செய்தது.

அதெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது ஒன்று. அவர் திரும்பி வந்த நாலாம் நாள், கரும்பு வெட்டும் அருவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். பின்பக்கத்திலிருந்து சாலம்மாளின் குரல் கணீரென்று வந்தது. "பாவாட!"

வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் வாயால் தன் பெயர். அருவாளை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நின்றார். "இன்னா, இன்னா சாலம்மா?"

"பாவாட கொடியில காஞ்சிபோய்க் கெடக்குது, எடுத்தாடி ஜெயா" என்று மகளிடம் சொல்லி முடித்தாள். அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் கீத்துணி இல்லை. பாவாடை கிழிந்தது, பாவாடை அழுக்காக இருக்கிறது, பாவாடையை ஊறப்போடு என்று நாளுக்கு நாலு தடவை. மரியாதை வைத்துச் சொல்லாமல் இருந்த வார்த்தையை, மரியாதை போனதும் சொல்லத் தொடங்கிவிட்டாள். வெறும் துணி. பாவாடை ஆடு கட்டுகிற கொட்டகையில் போய் உட்கார்ந்து அழுதார், வெட்கப்படாமல் அழுதார்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ நாள் வாயெடுத்தார். திருப்பூரில் அவர்கள் ஏழு நாள் அலைந்த கதை அதற்குள் ஊர்வாயாக அவர் காதுக்கு வந்துவிட்டது. பொய்தான் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று, இனி ஜெயில் என்று வேறு சொன்னால் அந்தச் சோறும் நின்றுவிடும் என்று பயம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளியதில் வருஷங்கள் ஓடின.

ஜெயசுதா நன்றாகப் படித்தாள். கள்ளக்குறிச்சியில் காலேஜ், அப்புறம் சென்னையில் ஆராய்ச்சி. ஒரு கோடைக்கு சாலம்மாள் மகள் ஹாஸ்டலில் பத்து நாள் தங்கிவிட்டு வந்தாள். ஆராய்ச்சிக்கு ரத்தம் கேட்டார்கள், கொடுத்துவிட்டு வந்தேன் என்று ஆட்டிடம் சொன்னாள்.

மறுவருஷம் பருத்திக் காட்டில் களையெடுக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாள். ஆட்டோவில் பாவாடை மடியில்தான் தலை. கள்ளக்குறிச்சி போய்ச் சேரும்வரை, "பேசு சாலம்மா, திட்டவாச்சும் திட்டு" என்று கெஞ்சிக்கொண்டே போனார். கண்ணைத் திறந்து அவரையே பார்த்தாள். பேசவில்லை. பேச முடியாமல் போனதா, பேசப் பிடிக்காமல் போனதா? ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை. அந்தக் கேள்வி மட்டும் அவரோடு வீட்டுக்கு வந்தது.

காரியம் முடிந்த மறுநாள், அப்பாவைத் தேற்றுவதற்காக ஜெயசுதா ஒரு விஷயம் சொன்னாள்.

"அம்மா முழுசா போயிடலப்பா. அது குடுத்த ரத்தத்துலேர்ந்து எடுத்த செல்லு எங்க லேப்ல உசுரோட இருக்குது."

"இன்னாது?"

"ரத்தத்துல இருக்குற செல்ல தனியா வெச்சா கொஞ்ச நாள்ல செத்துடும். அதனால எலியோட செல்லுகூட சேத்து ஒண்ணாக்கிட்டோம். ரெண்டும் கலந்து ஒரே செல்லு. அது பெருகிக்கினே இருக்கும்."

"எலியா?" என்றார் பாவாடை. "உங்கம்மாளுக்கு எலின்னாலே ஆவாதேடி."

ஜெயசுதாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பொறுமையாக விளக்கினாள். மனுஷ செல்லுக்குள் நாற்பத்தாறு குரோமோசோம். கண்ணுக்குத் தெரியாத நூல் துண்டு மாதிரி. எலிக்கு நாற்பது. ரெண்டும் ஒரே செல்லில் குடியிருந்தால், பெருகப் பெருக மனுஷத் துண்டுகள் ஒவ்வொன்றாகத் தொலைந்துபோகும். எலியுடையது பெரும்பாலும் அப்படியே நிற்கும். கடைசியில் அம்மாவுடையது ஒன்றிரண்டுதான் மிஞ்சும். அந்த ஒன்றிரண்டில் இருக்கிற ஜீன் எலிக்கு நடுவே வேலை செய்கிறதா இல்லையா என்று பார்ப்பதுதான் அவள் ஆராய்ச்சி. ஜீன் என்றதும் பாவாடை காலேஜ் பையன்கள் போடுகிற பேண்ட்டை நினைத்துக்கொண்டார். அந்தக் குழப்பம் தீர ஒரு நிமிஷம் பிடித்தது.

"வேல செய்யலன்னா தொலைஞ்சி போச்சுன்னு அர்த்தமா?"

"இல்லப்பா. அங்கயேதான் இருக்கும். ஆனா பேசாது. நாங்க அப்படித்தான் சொல்லுவோம். இந்த ஜீன் பேசுது, இந்த ஜீன் பேசல."

பாவாடை மகள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். "உங்கம்மாது?" என்றார்.

"நான் பாக்குறது ஒண்ணே ஒண்ணு. அது அம்மா ரத்தத்துல இருந்தப்ப நல்லா பேசிக்கினு இருந்துச்சு. எலிகூட சேந்ததுலேர்ந்து பேசல."

மகள் சொன்னது விஞ்ஞானம். அப்பா கேட்டுக்கொண்டது வேறு. அது மகளுக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போனில் அவர் கேட்கிற முதல் கேள்வி, "அம்மா பேசுதா?" என்பதுதான். "இன்னும் பேசலப்பா" என்பாள். அப்புறம்தான் சாப்பிட்டாயா, மழை பெய்ததா என்கிற விசாரிப்பெல்லாம். ஒன்றரை வருஷம் இப்படியே போயிற்று. பக்கத்தில் நின்று கேட்டவர்கள் மனுஷனுக்கு மூளை குழம்பிவிட்டது என்று முடிவு கட்டினார்கள். குழம்பவில்லை. சாலம்மாள் செத்துவிட்டாள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஏங்கினார். சாயங்காலம் ஆட்டைக் கட்டும்போது, அது ஏதாவது சொல்லுமா என்பதுபோல அதன் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

போன தை மாதம், கரும்புக் காட்டில் வெட்டு நடந்துகொண்டிருந்த ஒரு புதன்கிழமை, போன் வந்தது.

"அப்பா, பேசுதுப்பா!"

தோகைக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எப்படிம்மா? திடீர்னு எப்படி?"

"ஒரு டப்பாவுல இருந்த செல்லுல மட்டும், எலியோட துண்டு ஒண்ணு தானா விழுந்துடுச்சு. அந்தத் துண்டுதான் இவ்ளோ நாளா அம்மா ஜீன பேசவுடாம அமுக்கி வெச்சிருந்துச்சு. அது போனதும் இது பேச ஆரம்பிச்சிருச்சு."

"அந்தத் துண்டு இன்னா பண்ணிச்சு, அடிச்சுதா?"

"அடிக்கல கிடிக்கலப்பா. அது சொம்மா அங்க இருந்துச்சு. அது இருந்தவரைக்கும் இது வாயத் தொறக்கல. அவ்ளோதான்."

பாவாடை போனை மடியில் செருகிக்கொண்டு அருவாளை எடுத்தார். ரெண்டு கரும்புதான் வெட்டியிருப்பார். கை ஓடவில்லை. சும்மா அங்கேயே இருந்தது என்றாளே மகள். அவர் வாய்க்குள் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் சும்மா இருக்கிறது ஒன்று, திருப்பூர் என்று. அது விழாமல் அவள் எப்படிப் பேசியிருப்பாள்? இத்தனை நாள் அவள் பேசவில்லை, பேசவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த தானும்தான் பேசவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

பங்குனி கடைசியில் ஜெயசுதா இன்னொரு சேதி சொன்னாள். ஆராய்ச்சி முடிந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லா செல்லையும் உறையவைத்து உள்ளே பூட்டிவிடுவார்கள்.

"உறைய வெச்சா?"

"உசுரு இருக்கும்ப்பா. ஆனா எந்த ஜீனும் பேசாது. மறுபடியும் யாராச்சும் வெளிய எடுத்தாதான்."

"எடுப்பாங்களா?"

ஜெயசுதா மறுபடியும் "வெள்ளிக்கிழமைப்பா" என்றுதான் சொன்னாள். "நான் வர்றேன்" என்றார் பாவாடை.

வெள்ளிக்கிழமை முதல் பஸ். கள்ளக்குறிச்சியில் மாறி, கிளாம்பாக்கத்தில் இறங்கும்போது பதினொன்றரை. மகள் வந்து கூட்டிக்கொண்டு போனாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் வெளியே போன நேரமாகப் பார்த்து உள்ளே அழைத்தாள். செருப்பைக் கழற்றச் சொல்லி, முதுகுப் பக்கம் முடிச்சுப் போடுகிற ஒரு வெள்ளை அங்கியை மாட்டிவிட்டாள். விளக்கை அணைத்த ஒரு சின்ன அறை. நடுவில் மைக்ராஸ்கோப்.

"அப்பா, கேட்டுக்க. இந்த ஜீன் பேசுனா செல்லு மேல ஒரு பொருள் வரும். அதுல மட்டும் ஒட்டுற மாதிரி சாயம் போட்டிருக்குறேன். வெளிச்சம் பட்டா பச்சையா தெரியும். பச்சையா இருந்தா பேசுதுன்னு அர்த்தம். ஆனா ரொம்ப நேரம் வெளிச்சம் பட்டா சாயம் மங்கிடும். அஞ்சு நிமிஷம்தான்."

பாவாடை குனிந்து கண்ணை வைத்தார். முதலில் தன் இமை மயிர்தான் தெரிந்தது. மகள் எதையோ திருகினாள். இருட்டு தெளிந்தது. அதில் பச்சைப் பச்சையாக வட்டங்கள், ஓரத்தில் மட்டும் ஒளி, மழைக்கால ராத்திரியில் மலையடிவாரத்துப் புளியமரத்தில் மின்மினி அப்பியிருப்பது மாதிரி. ஒன்று, ரெண்டு, எண்ண முடியவில்லை.

"இதா?"

"இதான்ப்பா."

"இதெல்லாம் பேசிக்கினு இருக்குதா?"

"ம்."

சத்தம் எதுவும் இல்லை. எங்கோ ஒரு மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. பாவாடை கண்ணை எடுக்காமலே பேச ஆரம்பித்தார்.

"சாலம்மா. நான் திருப்பூர்ல இல்ல."

பின்னால் ஜெயசுதா அசைவது நின்றது.

"நான் திருப்பூருக்கே போவல. ஆந்திராவுக்கு மரம் வெட்டப் போனேன். புடிச்சிக்கினாங்க. பத்து மாசம் ஜெயில்ல இருந்தேன். நீ புள்ளயக் கூட்டிக்கினு தெருத் தெருவா தேடுன எடத்துல நான் இல்ல. நீ எங்கய்யா இருந்தன்னு கேட்டப்பகூட சொல்லாம பூட்டேன். புள்ள கேட்டுக்குமேன்னு வெக்கம். அப்பால பயம்." மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "நீ கேட்டதுக்கு நான் பதிலே சொல்லல சாலம்மா. இப்ப சொல்லிட்டேன்."

வட்டங்கள் மங்கிக்கொண்டு வந்தன. ஓரத்தில் இருந்தவை முதலில் போயின. கண்ணீர் மறைக்கிறதா, சாயம் போகிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. அழுத்தித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இருட்டு.

ஜெயசுதா வெளிச்சத்தை நிறுத்தினாள்.

"அம்மாவுக்குத் தெரியும்ப்பா."

அவர் திரும்பினார்.

"வெற்றிவேல் மாமா ஜாமீன்ல வந்த அன்னிக்கே சொல்லிடுச்சு. நீ அப்பால போய் சத்தியம் வாங்குனியாமே. ஏற்கெனவே சொல்லிட்டேன்னு உன்கிட்ட சொல்ல அதுக்கு வாய் வரல."

"தெரிஞ்சேவா... தெரிஞ்சேவா கேட்டா?"

"எனக்கே அம்மா இங்க வந்தப்பதான் சொல்லுச்சு. 'ஜெயிலுக்குப் போனதுல எனக்கு ஒண்ணியும் இல்லடி. எங்க இருந்தன்னு கேட்டேன். அது வாயால வரட்டும்னு பாத்துக்கினு இருக்கேன். சொன்னா அந்த நிமிஷமே பேசிடுவேன்'னு சொல்லுச்சு. நீயா சொல்றவரைக்கும் நான் வாயத் தொறக்கக்கூடாதுன்னு என்கிட்டயும் சத்தியம் வாங்கிக்கிச்சு."

பாவாடை சுவரைப் பிடித்துக்கொண்டார். மகள் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தைக்காக அவள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், நடுவில் ஒரு ஆடு. பதினோரு வருஷம்!

"அப்பால ஏண்டி அந்தப் பேர அப்படிப் போட்டு இழுத்தா?" என்றார் பாவாடை, குழந்தை மாதிரி. "துணிய சொல்ற மாதிரி நாளுக்கு நாலு வாட்டி. அதத்தான் என்னால..."

"அது உன் காதுல வுழணும்னு சொன்னதுப்பா. வூட்ல மட்டும்தான்." ஜெயசுதா அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். "இங்க பத்து நாள் என் ரூம்ல இருந்துச்சு இல்ல? ஒரு நாள் குளிச்சிட்டு வந்து பை எல்லாத்தையும் கொட்டித் தேடிக்கினு இருந்துச்சு. கூட இருந்த பொண்ணு, இன்னாங்கம்மா தேடுறீங்கன்னு கேட்டா. அவளுக்கு உன் பேரும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. நீயும் அங்க இல்ல. அம்மா சொல்லுச்சு, 'என் கீத்துணிய எங்கயோ வெச்சிட்டேன்மா'ன்னு."

பாவாடை முகத்தை நிமிர்த்தினார். "இன்னான்னு?"

"கீத்துணின்னு. பத்து நாளும் அப்படித்தான் சொல்லுச்சு. ஒரு தடவகூட மாத்திச் சொல்லல."

வெளியே யாரோ சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருகிற பேச்சுச் சத்தம் கேட்டது. ஜெயசுதா எழுந்து விளக்கைப் போடக் கையை நீட்டினாள். பாவாடை அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு வாட்டி சொல்லும்மா" என்றார். "உங்கம்மா சொன்ன மாதிரியே சொல்லு."